குடிச்சது நானில்லீங்க, வண்டி

நண்பா,

இன்று மண்டி மொஹல்லா பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றேன். எத்தனால் இருபது சதவீதம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். முன்னால் நின்றவர் மைலேஜ் போச்சு என்று கத்தினார். நீ இருந்திருந்தால் அவரோடு சண்டைக்கே போயிருப்பாய்.

ராமாபுரத்தில் கரும்பு போட்டவன் நீ. கரும்பு எத்தனாலாகி பெட்ரோலில் கலக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, ரோட்டில் போகிற காரையெல்லாம் சொந்தக் காரைப் போலப் பார்ப்பாய். ஆனால் குடித்தவன் பக்கத்தில் பந்தியில்கூட உட்கார மாட்டாய்.

உன் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, என் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் முடிந்த உன் பைக்கில் இருவரும் கிளம்பினோம். முந்தின நாள் முழுக்க அது மழையில் நின்றிருந்தது. கொள்ளேகால் தாண்டியதும் இருமி இருமி நின்றுவிட்டது. டாங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. சர்வீஸில் கழற்றிய நான்தான் திரும்பப் போட மறந்திருக்கிறேன். இறங்கிய மழைத்தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கியிருந்தது. நீயும் மூடியைப் பார்த்தாய். அடித்தண்ணீரை எடுக்க டாங்க்குக்குள் ட்யூபை விட்டு, வாயில் வைத்து உறிஞ்சினாய். எத்தனால் கலந்த தண்ணீர் வாய் நிறைய வந்துவிட்டது.

அடித்தண்ணீர் போனதும் வண்டி கிளம்பியது. அடுத்த திருப்பத்திலேயே போலீஸ்; வண்டி ஓட்டிய உன்னை நிறுத்தினார்கள். ஊதச் சொன்னார்கள். கருவி அலறியது.

"குடிச்சது நானில்லீங்க சார், வண்டி!" என்றாய்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. பட்டு வேட்டியில், கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நீ. சம்பந்தி இறங்கிவந்து உன் வாயருகே மூக்கை நீட்டினார். "ஏனுங், பெட்ரோல் நாத்தமல்ல அடிக்குது!"

வாய் கொப்பளிக்கச் சொல்லி, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். பூஜ்யம். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் "ஹோகி, ஹோகி" என்று அனுப்பிவைத்தார்.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் சம்பந்தி கேட்டார்: "டாங்க்குல தண்ணி எப்படிங்க பூந்துச்சு? மெக்கானிக் சரியில்லீங்களா?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

"நான்தானுங்க மூடியச் சரியாப் போடாம மழையில உட்டுட்டேன்" என்றாய். கடைசிவரை அந்த வீட்டில் உனக்கு 'எத்தனால் மாமா' என்றே பெயர்.

நீ போய் ஒரு வருடமாகிறது. போன வாரம் உன் மருமகன் வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். மனது கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மாமா அன்னைக்கே சொல்லிட்டாருங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு" என்று சிரித்தார். "வண்டிய இவன்கிட்டயே உடுங்க, இனிமே சென்மத்துக்கும் மூடிய மறக்க மாட்டான்னாரு."

மறக்கவில்லை, நண்பா. அவர் வண்டியின் மூடியை மூன்று தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டேன்.