செவ்வாயும் வெள்ளியும் யார் முறை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மணலிப் பக்கமிருந்து அந்த ஃபாக்டரி நாற்றம். ஜன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் இருமல். இன்று என் சமையல் முறை. பதினொரு பேருக்கு உப்புமா. ஆளுக்கொரு குறை.

வெள்ளிக்கிழமை கடைசி ஓரகத்தி சுமதிக்கு வளைகாப்பு. மூத்த ஓரகத்தி மல்லிகா அக்கா போய் ஆறு மாதம்தான் ஆகிறது, வருடம் திரும்பட்டும் என்றார்கள் சிலர். வயிற்றுப்பிள்ளை காத்திருக்குமா?

வாங்க: கண்ணாடி வளையல், சந்தனம், பன்னீர், நல்லெண்ணெய் 3 லி. அண்டா வாடகைக்கு. சமையல்காரருக்கு என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

அக்கா மகள் ரேவதிக்கு நர்ஸிங் சீட் கிடைத்திருக்கிறது. செங்கல்பட்டு தாண்டி. சேரக் கடைசி நாள் அதே வெள்ளி, மாலை நான்கு மணிக்குள். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தடவை என்னிடம் சொல்லிவிட்டாள். யாராவது கூட்டிப் போவோம், பயப்படாதே என்றேன். இத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஆளா கிடைக்காது.

ஜூலை 8, செவ்வாய்

அடுப்படிக் கதவில் சாக்பீஸ் எழுத்து, அக்கா கையால். திங்கள், வியாழன் நான். புதன், சனி சுமதி. செவ்வாய், வெள்ளி மல்லிகா. ஞாயிறு கை ஒழிந்தவர். அக்கா பெயரை யாரும் அழிக்கவில்லை. அவள் நாட்களில் கடை இட்லிதான் இத்தனை மாதமும். செவ்வாயானால் எனக்கு விம்கோ நகர் கம்பெனியில் காலை ஆறு மணி ஷிப்ட், சுமதிக்கு இந்த வயிற்றோடு இன்னொரு நாளும் நிற்க முடியாது.

இன்று எழுந்து பார்த்தால் ரேவதி பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. அக்கா கைப்பக்குவம் அப்படியே. ரேவதி அப்பா தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஜூலை 10, வியாழன்

ரேவதியோடு போவது யார்? அவள் அப்பா, டேங்கர் லாரி லோடு சீக்கிரம் முடிந்தால் நானே போகிறேன் என்றார். முடியாவிட்டால் நான் இருக்கிறேன் என்றார் இவர். சுமதி வீட்டுக்காரரும் நான் ஒருத்தன் இல்லையா என்றார். மூன்று பேர் சொன்ன பிறகு என்ன கவலை. நிம்மதியாக வெங்காயம் உரித்தேன்.

ரேவதி சுடிதாருக்கு இஸ்திரி போட்டாள். ஃபைலுக்கு பிளாஸ்டிக் கவர்.

பால் 6 லி. சொல்ல மறந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

சமையல்காரர் வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். விடிந்ததும் இவர் வேறு ஆள் தேடி தண்டையார்பேட்டைக்கு ஓடினார். ஆறு மணிக்கு ரேவதி ஃபைலோடு அடுப்படி வாசலில் நின்றாள். அப்பா வந்துவிடுவார், அதுவரை இந்தப் புளியைக் கரைத்துக் கொடு என்றேன். நான்தான் சொன்னேன். அதை எழுதி வைக்கிறேன்.

பிறகு மாடி, ஜமக்காளம், சுமதியின் அம்மா வீட்டார், காபி, மறுபடி காபி. நடுவில் ஒரு தடவை ரேவதி எங்கே என்று கேட்டேன். "அவங்க அப்பா கூட போயிருப்பா" என்றது ஒரு குரல். போதும் என்று இருந்துவிட்டேன்.

வளையல் போட்டு முடித்துச் சாப்பாடு எடுக்கக் கீழே வந்தபோது மணி ஒன்றே முக்கால். பின்கட்டில் ரேவதி. இஸ்திரி போட்ட துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு புளியோதரை கிளறுகிறாள். மாவு டின் மேல் ஃபைல்.

"நீ போகலையா?"

"யார் கூட சித்தி?"

லாரி விடியற்காலையே கம்பெனிக்குள் மாட்டிக்கொண்டது. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பா சித்தப்பாவை நம்பினார். சித்தப்பா அப்பாவை நம்பினார். சின்னவர் இரண்டு பேரையும் நம்பினார். மேலே வந்து கூப்பிட்டிருக்கலாமே என்றேன், வெட்கமில்லாமல்.

"வளையல் போடுற நேரத்துல எப்படி சித்தி வந்து கூப்புடறது?"

இவர் அவளை ஏற்றிக்கொண்டு பைக்கில் பறந்தார். எண்ணூர் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி வரிசை. போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். கேட் வரைதான் விட்டார்களாம்.

புளியோதரை பிரமாதம் என்றார்கள் சுமதி வீட்டார்.

ஜூலை 12, சனி

நாள் முழுக்கச் சண்டை. ஒருவர் மாற்றி ஒருவர் மேல் பழி. சமையல்காரரையும் விடவில்லை. ரேவதி அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். கல்லூரிக்குப் போன் செய்தோம், காத்திருந்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்றாம். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்கிறோம். ஆள் கூடினால் பாம்பு சாகாது. பதினொரு பேர்.

ரேவதி அழவில்லை. எல்லாரும் அவளிடம் அன்பாக இருக்கிறோம். பிரியாணி, ஐஸ்கிரீம். சுமதி தன் கையிலிருந்து ஆறு வளையல் கழற்றி அவளுக்குப் போட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா இருந்திருந்தால் சமையலை அப்படியே போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள்.

ஜூலை 13, ஞாயிறு

லேசான தூறல், உடனே நின்றது. துணி காயவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

அடுப்படிக் கதவில் செவ்வாய், வெள்ளிக்கு நேரே 'மல்லிகா' அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே சின்னதாக, புதுச் சாக்பீஸில் 'ரேவதி'. எப்போது எழுதினாளோ. காலையிலிருந்து எல்லாரும் அதைப் பார்த்தபடியே அந்தக் கதவைத் தாண்டிப் போய்வருகிறார்கள்.

அழித்துவிட வேண்டுமென்று ஈரத்துணி எடுத்துப் போனேன். அழித்தால் செவ்வாய்க்கு யார்? எனக்கு ஆறு மணி ஷிப்ட்.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.