மயிலம்மாள் பெயரைச் சொன்னது

மந்தின்
9.9.2024

ஏஞ்சலா அப்பாவுக்கு,

லில்லி எழுதுவது. போனில் உங்களோடு பேச முடியவில்லை. நேற்று பத்து நிமிடத்தில் நாலு பேர் குறுக்கே கூப்பிட்டு, “போலேயா தொர?” என்று அனுமதி கேட்டார்கள். நீங்களும் “போலே, போலே” என்றீர்கள். அதனால்தான் நம் கடை உர லாரி ஓட்டும் மணியத்திடம் இந்தக் கடிதம்.

அக்டோபர் 19 மகளுக்கு நிச்சயம். அரை நாள்தான் வருவேன் என்கிறீர்கள், தோட்டத்தில் முடிவெடுக்க ஆள் இல்லையாம். அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் தலை ஒன்றுதானா? நானும் அப்படித்தான் இருந்தேன். டெங்கியில் பத்து நாள் கிடந்தபோது கடையை நம்மிடம் வேலை செய்யும் சசிதரன் பார்த்தான். ஒரு தோட்டத்துக்கு உரம் மாறிப் போனது. கடை ஒன்றும் மூடிவிடவில்லை.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மயிலம்மாளுக்கு உங்களைவிடக் காடு தெரியும். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில், வேலை பிரிப்பதை அவளிடம் விடுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அதுதான் கஷ்டம்.

மூன்று நாள் வீட்டில் இருக்க வேண்டும். மகள் கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன்.

லில்லி

கோலா கிளாவாங்
20.9.2024

அன்பு லில்லிக்கு,

நீ சொன்னபடி செய்தேன். முதல் நாள் மயிலம்மாள் முழித்தாள். மூன்றாம் நாள், “மழ வரப்போவுது தொர, பள்ளத்துக் காட்ட மொதல்ல வெட்டிருவோம்லா” என்றாள். நானாக இருந்தால் மேட்டைச் சொல்லியிருப்பேன். பேசவில்லை. மழையும் வரவில்லை. மேட்டில் வெட்டாமல் விட்ட செம்பனைப் பழம் கனிந்து உதிர்ந்து வீணானது.

சிரம்பானிலிருந்து மேலதிகாரி வந்தார். “யார் முடிவு?” என்றார். “மண்டோர் மயிலம்மாள்” என்றேன். உண்மைதானே! எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார்.

மறுநாளிலிருந்து பெரட்டில் வேலை பிரிப்பதும் நான்தான். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் குழாய் உடைந்ததற்குக்கூட என்னையே கேட்கிறார்கள். உன் யோசனை கடைக்குச் சரி, தோட்டத்துக்கு ஆகாது. அரை நாள்தான்.

இன்னொன்று. தேதி, மண்டபம், அழைப்பிதழ் எல்லாம் நீயே முடிவு செய்துவிட்டு என்னை வரச் சொல்கிறாய். நான் வந்து எங்கே நிற்பது?

தேவதாஸ்

மந்தின்
23.9.2024

ஏஞ்சலா அப்பாவுக்கு,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான்.

நீங்கள் அவளுக்குக் கொடுத்தது பொறுப்பு இல்லை, பழி. உரம் மாறியபோது அந்தத் தோட்டக்காரர் கடைக்கே வந்து கத்தினார். “என் கடை அனுப்பியது” என்றேன். சசிதரன் பெயர் என் வாயில் வரவில்லை. அதனால்தான் மறுநாள் அவன் கடையைத் திறந்தான். எல்லார் முன்னாலும் அவள் பெயரைச் சொன்னீர்கள். எல்லார் முன்னாலும் திருத்துங்கள்.

எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னது சரி. சாப்பாடு இன்னும் முடிவாகவில்லை. பஃபே வைக்கலாம் என்றிருந்தேன். இனி அது உங்கள் வேலை. யாரிடம் சமைக்கச் சொன்னீர்கள் என்றுகூடக் கேட்கமாட்டேன்.

லில்லி

கோலா கிளாவாங்
8.10.2024

அன்பு லில்லிக்கு,

பெரட்டில் சொன்னேன்: “முடிவு நம்ம எல்லாருதும். திட்டு என்னுது. அன்னைக்கு மயிலம்மா பேரச் சொன்னது என் தப்பு.” மேலதிகாரிக்கும் அப்படியே எழுதினேன். வந்த பதில் நன்றாக இல்லை, இருக்கட்டும்.

மயிலம்மாள் ஒரு வாரம் வேலை பிரிக்க முன்னால் வரவில்லை. நேற்று என்னைப் பார்க்காமலே ஆட்களைப் பிரித்தாள். நான் ஒரு இடத்தைச் சொன்னதற்கு, “அங்க பாத இடிஞ்சி கெடக்கு தொர. நீங்க வீட்டுக்குப் போயி மாப்பிள்ளயப் பாருங்க” என்றாள். அறுபது பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

17ஆம் தேதி வியாழன் மாலை வருகிறேன். ஞாயிறுவரை இருப்பேன்.

சாப்பாடு வாழையிலையில், உட்கார வைத்துப் பரிமாறுவது. சொல்லியாகிவிட்டது.

தேவதாஸ்

மந்தின்
10.10.2024

ஏஞ்சலா அப்பாவுக்கு,

வியாழன் வாருங்கள். மகளிடம் சொன்னேன், உங்கள் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

இதற்கு மேலே நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். இருநூற்றைம்பது பேர், பந்தி, இலை எடுப்பது பற்றியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டாம்.

லில்லி