முடிச்சுதானே

புதுப்பட்டினம்
12.6.2005

அன்புள்ள மாமாவுக்கு,

வசு எழுதுவது. நானும் அத்தையும் நலம். மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் நான் அழுதுவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

சுனாமியில் நம்மைப் போல் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை மாற்றி, மறுபடி பிள்ளை பெறும்படி செய்கிறார்களாம். செங்கல்பட்டுக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கூட வந்த அத்தை, "முடிச்சுதானே போட்டீங்க, அவுத்து வுட்டா ஆச்சு. இதுல இன்னா பேஜாரு?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்குக் கருக்குழாயைக் கட்டியதோடு நடுவில் கொஞ்சம் வெட்டியும் எடுத்திருக்கிறார்களாம். மீதிக் குழாய் போதுமான நீளம் இருந்தால் ஒட்டவைக்கலாம். அப்போதும் கரு தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இல்லையென்றால் டெஸ்ட் டியூப் முறை, அது நம்மால் ஆகிற காரியமா தெரியவில்லை.

எனக்கு ஆசையாக இருக்கிறது, மாமா. மடி காலியாக இருப்பதைத் தாங்க முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்
வசு

மஸ்கட்
3.7.2005

அன்பு வசு,

உடனே செய்துகொள். நம் பிரவின் திரும்பி வரப்போகிறான். பெயரும் அதே பிரவின்குமார்தான். அவன் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே. துடைத்து வை.

அருணகிரி

புதுப்பட்டினம்
24.7.2005

மாமா,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. கோபமாக வந்தது.

பிரவின் வரமாட்டான். அவனை மண்ணில் வைத்தது நீங்கள்தான். காரியம் முடிந்ததும் விமானம் ஏறிவிட்டீர்கள். அத்தை மாதிரியே நீங்களும் அவிழ்த்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். பிறந்தால் அது வேறு பிள்ளை. பெண்ணாகக்கூட இருக்கலாம். அதன் முகத்தில் நீங்கள் அவனையே தேடிக்கொண்டிருந்தால் அது என்ன பாவம் செய்தது?

சைக்கிளை எதிர்வீட்டுப் பிரதீபாவுக்குக் கொடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். வரப்போகிற பிள்ளைக்கென்று ஒரு பெயர் யோசியுங்கள். அதற்குப் பிறகுதான் நான் செங்கல்பட்டு பஸ் ஏறுவேன்.

வசுமதி

மஸ்கட்
19.8.2005

வசு,

திட்டவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அவன் போன பிறகு இப்போதுதான் அப்படி அழ முடிந்தது.

லீவு கிடைத்துவிட்டது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். நேரில் சொல்கிறேன். டாக்டரம்மாவிடம் நாள் கேட்டு வை, சேர்ந்தே போவோம். ஒட்டவைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டாலும் நான் உன்னோடுதான் இருப்பேன்.

பிரதீபாவிடம் சைக்கிள் பெல்லை மட்டும் கேட்டு வாங்கி வைக்கிறாயா? புதுப் பிள்ளைக்கு இல்லை. எனக்கு.

உன்
அருணகிரி