மெழுகு மணிக்குக் கொடுத்த சம்மதம்

வெண்மேகம் தங்கும் குன்றும் வற்றாத நீலியாறும் காக்கும் குன்றவர்நாட்டின் அரசன்னை, வேழக்கொடி உடையாள், ஆதிரைநங்கை, மாணாக்கர் பொதுப்பட்டறையின் ஆசான் இளம்பூதனாருக்கு விடுக்கும் ஓலை. உமது கொட்டகையும் அதன் மிச்சக் கூரையும் நலம் பெறுக!

கூரை கருகிய செய்தி வந்து சேர்ந்தது. இனி நெருப்பு, கூர், பாரம் மூன்றும் இல்லாத வேலையையே மாணாக்கர் எடுக்க வேண்டும் என்று நீர் விதித்ததும் தெரியும். விளைவைக் கேளும்: பட்டறை முழுவதும் பனையோலை விசிறி முடைகிறது. இன்று காலையும் அரண்மனைக்கு ஒரு வண்டி நிறைய வந்தது. மார்கழிக் குளிரில் நாம் யாருக்கு வீசுவது?

விசாரித்தோம். ஓடக்காரர் மகள் வெண்ணி, பனிமூட்டத்தில் படகுகள் மோதாதிருக்கத் துறைக்கு ஒரு வெண்கல மணி வார்க்க விரும்பினாள். போன பனிக்காலத்தில் அப்படி மோதித்தான் அவள் தந்தைக்குக் கை போயிற்று. உமது பட்டறை வழக்கப்படி, வேலை தொடங்குமுன் இருபக்கத்தில் வேலை செய்வோரும் ஈரக் களிமண்ணில் பெருவிரல் பதித்துச் சம்மதம் தரவேண்டும். அவள் காட்டியதோ மணி வடிவில் பிடித்த மெழுகு. பக்கத்தில் பஞ்சு கொட்டும் கோடன், "மெழுகுதானே, தாராளமா பண்ணு புள்ள" என்று பதித்துவிட்டான். அந்த மெழுகின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் காய்ச்சிய வெண்கலம் ஊற்றுவார்கள் என்பதை அவனும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. உலை மூண்டு, பொறி பறந்து கூரை பற்றியதும் அவன் பஞ்சுமூட்டையோடு ஓடிய ஓட்டத்தை ஊரே பார்த்ததாம்.

"முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்றானாம்.

"நீ கேட்டியா?" என்றாளாம். வாய்க்குக் குறைவில்லை!

ஆகவே நமது ஆணை: உமது தடை நீங்குக. இனிச் சம்மதம் கேட்பவர், தம் வேலையின் மிகச் சூடான நாள் எப்படியிருக்கும் என்று அண்டையாருக்குச் சொல்லியே கேட்க வேண்டும். கொட்டகைக்கு ஆகாத வேலைக்கு ஆற்றுமணல் இருக்கிறது. வெண்ணி அங்கே வார்க்கட்டும். நீர் ஈரமணலோடு அருகிருப்பீராக. தள்ளிப்போட வேண்டாம். மூட்டம் நாளுக்கு நாள் கனக்கிறது, ஓடங்கள் இன்னும் கூவிக் கூவியே கரை சேர்கின்றன.

இவ்வோலைக்கு அரக்கு உருக்கும்போது, இதை எழுதும் நம் ஓலைநாயகம் சாத்தனார், "தாயே, சேலைத் தலைப்பு! கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். நாடாளும் நாம் தள்ளி நின்றோம். முத்திரை விழுந்தது. ஆணை நிலைபெறுக!