அக்கா அனுப்பிய புகையிலை

சேசு மரி சூசை

கொழும்பு, கொட்டாஞ்சேனை
9 நவம்பர் 1936

அன்புத் தம்பி மரியானுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. மொத்தம் நாலு வரி. அதில் இரண்டு வரி புகையிலை தீர்ந்துவிட்டது என்று. அக்கா உயிரோடு இருக்கிறாளா, அத்தானுக்கு இருமல் நின்றதா என்று ஒரு வார்த்தை கிடையாது. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, சின்னதில் செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தானே.

தோணி ஓட்டும் தண்டல் சூசைமிக்கேல் அண்ணாச்சி இந்த வாரம் தூத்துக்குடிக்குப் பாய் விரிக்கிறார். அவர் கையில் யாழ்ப்பாணப் புகையிலை ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். செட்டியார் தெருவுக்கு நானே போய் முகர்ந்து பார்த்து வாங்கியது. எனக்கும் வெற்றிலைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். சங்கு குளி தொடங்கியிருக்கும். நீ முங்கி எழுந்து வள்ளத்தில் நடுங்கிக்கொண்டு உட்காரும்போது வாய்க்குச் சூடாக இருக்கட்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

இடது கன்னத்துக்குள் புண் என்று எழுதியிருந்தாய். பல் குத்தியிருக்கும். அதற்காக ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்காதே. அப்பா பல்வலிக்கு என்ன செய்வார்? சுண்ணாம்பு சேர்க்காமல் புகையிலையை நறுக்கி அந்த இடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு படுப்பார். காலையில் வலி போயிருக்கும். நீயும் அப்படிச் செய்.

உன் அக்கா
பிளாரன்ஸ்


தூத்துக்குடி
17 ஜனவரி 1937

பிரியமுள்ள அக்காவுக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. தண்டல் அண்ணாச்சி வழியில் நாலைந்து இலையை உருவிவிட்டார். கேட்டால், “ஏலே மரியான், கடக்காத்துக்குப் பொவயில சுருங்கத்தாம்ல செய்யும்” என்கிறார். ஆனாலும் சரக்கு அருமை. அத்தானின் இருமலைக் கேட்டதாகச் சொல். போதுமா?

நீ சொன்னபடியே வைத்து அமுக்கினேன். வலி மரத்துப்போகிறது. எடுத்தால் திரும்பி வருகிறது. அதனால் எடுப்பதே இல்லை, தூக்கத்திலும் அங்கேயே கிடக்கிறது. கடல் தண்ணீர் பட்டால் எந்தப் புண்ணும் நிற்காது என்று எங்கள் குளியாட்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதையும் விடவில்லை. ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஒரு வாய் கடல் தண்ணீரை அந்தப் பக்கம் ஒதுக்கிக் கொப்பளிக்கிறேன். எரிகிறது. எரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தமாம்.

வீட்டில் இஞ்ஞாசிக்கும் எனக்கும்தான் சண்டை. நான் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கி மாதக்கணக்காகிறது. “அப்படி என்ன பாவம் செஞ்சிய, என்கிட்டயாவது சொல்லுங்க” என்று அழுகிறாள். பாவமும் இல்லை ஒன்றும் இல்லை. நன்மை வாங்குகிறவன் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. புகையிலைச் சாறு தொண்டையில் இறங்கினாலும் உபவாசம் முறிந்ததுதான். ராத்திரி அந்தப் புண்மேல் புகையிலை இல்லாமல் என்னால் கிடக்க முடியவில்லை, அக்கா. புருஷனுக்கு மோட்சத்தைவிடப் புகையிலை பெரிதாகிவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

உன் தம்பி
மரியான்


கொழும்பு
20 பெப்ரவரி 1937

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. ஈஸ்டர் பாஸ்குக் காலத்தில்கூட நன்மை வாங்காதவனைச் சாமியார் கோயில் புத்தகத்தில் குறித்துவைப்பார். நாளைக்கு நம் குடும்பத்துக்கு கோயிலில் ஒரு கலியாண ஓலை வாசிக்க வேண்டும் என்றால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். இஞ்ஞாசி அழுவதில் தப்பே இல்லை.

ஒரே ஒரு ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கிட. ஈஸ்டர் அன்று போய் முழந்தாளிடு. மறுநாள் முதல் எவ்வளவு வேண்டுமானாலும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள். அதற்கென்றே இன்னொரு கட்டு அனுப்புகிறேன். தண்டல் அண்ணாச்சி உருவ முடியாதபடி சாக்கில் வைத்துத் தைத்திருக்கிறேன்.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி
26 ஏப்ரல் 1937

பிரியமுள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து வாசி. அத்தான் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நீ சொன்னபடி ஈஸ்டருக்குப் போனேன். விடிய விடிய வலி. பீடத்துக்கு முன்னால் கிராதியில் முழந்தாளிட்டு, கண்ணை மூடி வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், சாமியார் ஓஸ்தி அப்பத்தைக் கையில் பிடித்தபடி என் வாய்க்குள் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்புறம் நாக்கின் வலது ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். பூசை முடிந்ததும் கூப்பிட்டார். “எத்தன மாசமா வச்சிருக்க? நாளைக்கி நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார். எத்தனை பேர் வாயைப் பார்த்தவர், அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

டாக்டர் சின்னதாக ஒரு சதைத்துண்டை எடுத்து மதராசுக்கு அனுப்பினார். பதில் வந்துவிட்டது. புற்று, அக்கா. கன்னத்தில் தொடங்கித் தாடை எலும்பில் இறங்கிவிட்டது. மதராசில் ரேடியம் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். கார்த்திகையிலேயே வந்திருந்தால் வெட்டி எடுத்திருப்பேன் என்றும் சொன்னார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இஞ்ஞாசியிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். இனிப் புகையிலை அனுப்பாதே. மெல்ல முடியவில்லை.

மரியான்


கொழும்பு
14 மே 1937

என் செல்லத் தம்பிக்கு,

இதை எத்தனை தரம் எழுதிக் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் அத்தான்தான் கடைசியில் பேனாவைக் கையில் கொடுத்தார்.

எதனால் வந்தது? அதைச் சொல். நம் வம்சத்தில் யாருக்கு இது வந்தது? கடலில் ஏதாவது கடித்ததா? நன்மை வாங்காமல் இருந்ததற்கு மாதா இவ்வளவு பெரிய தண்டனை கொடுப்பாளா? நான் ஒரு நாளும் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. டாக்டரிடம் கேட்டு எழுது. காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுதிரி வைக்கிறேன்.

வேண்டாம் என்று நீ எழுதினாலும் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். மெல்ல வேண்டாம். புண்மேல் வைத்துக்கொள், வலியாவது மரக்கட்டும். இந்தத் தூரத்தில் இருந்துகொண்டு உனக்கு வேறு என்ன செய்ய முடியும்?

அக்கா


தூத்துக்குடி
18 ஜூன் 1937

பிரியமுள்ள அக்காவுக்கு,

மதராசுக்குப் போய்த் திரும்பிவிட்டேன். அவர்கள் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கிறதுதான் நல்லது என்றார்கள்.

மே கடைசியில், சீசன் முடிவதற்குள் ஒரு தரம் முங்கிப் பார்க்கலாம் என்று வள்ளத்தில் ஏறினேன். கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, அக்கா. மூச்சைப் பிடித்தால் அந்த வழியாகப் போகிறது, கடல் உள்ளே வருகிறது. பாதி ஆழத்தில் கயிற்றை ஆட்டினேன். இழுத்துப் போட்டார்கள். திரும்பும்போது எல்லோரும் காற்று வருகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்கே என் வாடை தாங்கவில்லை. கஞ்சியை வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து ஊற்றிக்கொள்கிறேன். பேச்சு இஞ்ஞாசிக்கு மட்டும் புரிகிறது.

எதனால் என்று கேட்டிருந்தாய். டாக்டருக்கே தெரியவில்லையாம். சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்கிறார். நீ அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கட்டு கிடைத்தது. நல்ல சரக்கு. ரொம்ப நன்றி அக்கா.

மரியான்


கொழும்பு
10 ஜூலை 1937

தம்பிக்கு,

பனிமய மாதா திருவிழாவுக்கு வந்துவிடுவேன். மாதா தெருவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு சப்பரம் பார்க்க வேண்டும். யார் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று நான் பார்க்கிறேன். அவர்கள் வீட்டு வண்டவாளம் எல்லாம் எனக்குத் தெரியும்.

கட்டு உதவியாக இருக்கிறது என்று தெரிந்து மனசு ஆறிற்று. என்னாலும் ஏதோ ஆகிறதே. ஒரு வேடிக்கை கேள். அக்காவும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தோம் என்பதற்கு இதுதான் சாட்சி போலிருக்கிறது. எனக்கும் வலது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒன்று வந்திருக்கிறது, பால் ஏடு மாதிரி. சுரண்டினால் வரவில்லை. காரம் பட்டால் எரிகிறது. உனக்குச் சொன்ன வைத்தியத்தைத்தான் நானும் செய்கிறேன். புகையிலையை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அத்தானிடம் சொல்லவில்லை. உன் கவலையே அவருக்குப் போதும்.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி
15 ஜூலை 1937

அக்கா,

தோணிக்குக் காத்திருக்காமல் தபாலில் போடுகிறேன். இதை வாசிக்கும்போது வாயில் புகையிலை இருந்தால் முதலில் துப்பு. துப்பிவிட்டு மேலே வாசி.

நான் பொய் சொன்னேன். டாக்டருக்குத் தெரியும். முதல் நாளே, புகையிலையை எந்தப் பக்கம் ஒதுக்குவாய் என்று கேட்டார். இடது என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மதராசிலும் அதே கேள்விதான். அந்த வார்டு முழுக்க என்னைப்போல் வாய்களாகக் கிடக்கின்றன. எல்லோரும் ஒதுக்கினவர்கள். எனக்குத் தொடக்கத்தில் பால் ஏடு மாதிரிதான் இருந்தது, அக்கா. அப்படியேதான் இருந்தது.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று இஞ்ஞாசியிடம் மாதா பேரில் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ ஆசையாக முகர்ந்து பார்த்து வாங்கி அனுப்பியதுதான் என் கன்னத்தைத் தின்றது என்று எந்த வாயால் உனக்குச் சொல்வேன்? மே மாதம் வந்த கட்டை நான் பிரிக்கவே இல்லை. அப்படியே தைத்தபடி கிடக்கிறது.

உன் மனசு நோகக்கூடாது என்று மறைத்தேன். இப்போது நோகட்டும். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. திருவிழாவுக்கு வராதே, ஆஸ்பத்திரிக்குப் போ. அத்தானிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. போனேன் என்று எழுதினால்தான் நான் நம்புவேன்.

மரியான்


கொழும்பு
12 ஆகஸ்ட் 1937

தம்பி,

போனேன். அத்தான் கடைக்குக்கூடப் போகாமல் கூட்டிக்கொண்டு போனார். அந்த வெள்ளையை வெட்டி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இன்னும் புற்றாகத் திரும்பவில்லை, திரும்பப் பார்த்திருக்கிறது என்றார் டாக்டர். இனி வெற்றிலைகூடத் தொடக்கூடாது. பேசக்கூடாது என்று சொல்லியிருப்பதால் எல்லாவற்றையும் உன்னிடம் எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

எனக்கு உன்மேல் கோபம். நல்ல சரக்கு, ரொம்ப நன்றி என்று எழுதினாயே, அதை எத்தனை தரம் வாசித்திருப்பேன். வாசித்துக்கொண்டே ஒதுக்கினேன். யாரை ஏமாற்றினாய்? ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று முதலில் எழுதினது நான். வைத்து அமுக்கு என்றவளும் நான். அதைச் சொல்லி நீ என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டு வாங்கவாவது எனக்குப் பாத்தியதை உண்டு. அதையும் கொடுக்காமல் நன்றி சொல்லியிருக்கிறாய்.

தையல் பிரித்ததும் தலைமன்னார் ரயில் ஏறுகிறேன். நேற்று உனக்கு ஏதாவது வாங்கலாம் என்று செட்டியார் தெருவுக்குப் போனேன். கால் அதன் பாட்டுக்குப் புகையிலைக் கடையில் போய் நிற்கிறது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “தம்பிக்குத்தானே அம்மா” என்று ஒரு கட்டை எடுத்து வைத்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உன்னைப் பார்க்க வெறுங்கையோடு வந்து எனக்குப் பழக்கமில்லை. நீ தின்ன முடியாது, குடிக்க முடியாது. என்ன கொண்டு வரட்டும்? அதற்கு மட்டும் பதில் எழுது. நான் வருகிற வரைக்கும் இரு.

அக்கா


தூத்துக்குடி
19 ஆகஸ்ட் 1937

அக்கா,

திரும்பவில்லை என்ற வரியை இஞ்ஞாசியை விட்டு மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். எனக்கு அது போதும். உன் திட்டு முழுக்க வந்து சேர்ந்தது. எல்லாம் சரிதான்.

சாமியார் வந்து, சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். ஓஸ்தியில் ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரோடு இறக்கினார். இப்போதெல்லாம் நடுச்சாமத்துக்குப் பிறகு வாயில் ஒன்றும் படுவதில்லை. இஞ்ஞாசிக்கு அதில் ஒரு சந்தோஷம்.

என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டாய். வெள்ளைத் துணி கொண்டு வா. கொழும்பில் நல்ல மெல்லிசாகக் கிடைக்குமே, அது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் நம் ஆட்கள் வரிசையாக வந்து முகத்தில் முத்தம் கொடுப்பார்கள், உனக்குத் தெரியும். அப்பாவுக்கு நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு கன்னத்தில் கொடுத்தோம். என்னிடம் இடது கன்னம் இல்லை. வலதும் அதோடு சேர்த்து இழுத்துக்கொண்டுவிட்டது. திறந்து வைத்தால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். வந்தாலும் அவர்களுக்குக் கஷ்டம். மூக்குக்குக் கீழே துணியை நல்லபடியாகச் சுற்றிக் கட்டிவிடு. நீயே கட்டு, இஞ்ஞாசியால் அது ஆகாது.

உன் புகையிலையால் வந்தது என்று தள்ளி நிற்காதே. முதல் ஆளாக நீ வா. நெற்றி நன்றாகத்தான் இருக்கிறது.

உன் தம்பி
மரியான்