குட்டியின் மூச்சுக்கு ஓர் இன்வெர்ட்டர்

ஜனவரி 9, வியாழன்

தச்சர் வேலையை முடித்துவிட்டார். பழைய பள்ளி வேனுக்குள் இப்போது இரண்டு படுக்கைகள், ஒரு சமையல் மேடை, மூடிவைக்கக்கூடிய அலமாரிகள். கூரைமேல் இரண்டு சோலார் தகடுகள். ஓர் அலமாரிக் கதவு மட்டும் நூலளவு சாய்ந்திருந்தது. கழற்றி மாட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்.

மகன் வாசலில் நின்று பார்த்தான்.

"அம்மா, எழுபத்திரண்டு வயசுல இது தேவையா?"

"எழுபத்தொன்று."

இந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் விரல் படாமலே எல்லாம் நடந்துவிடுகிறது. அதுதான் குறை. அவர் இருந்தவரை நான்தான் வீட்டை நடத்தினேன், வண்டியும் நான்தான் ஓட்டினேன். இப்போது என் அறை மின்விசிறியைக்கூட மருமகள் வந்து அணைத்துவிட்டுப் போகிறாள். அன்போடுதான். அதனால் சண்டையும் போட முடியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், மின்கம்பங்கள் முடிந்த பிறகும் வெகுதூரம் போனால் வருகிற நிலம் ஒன்றை அவர் வாங்கிப்போட்டிருந்தார். கிணறு இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. அங்கே போய் இருக்கப்போகிறேன். தங்கையும் வருகிறாள்.

ஜனவரி 12

தங்கையைப் பற்றி எழுத வேண்டும். பெயர் குட்டி. வயது அறுபத்தெட்டு. தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். மருத்துவர் கொடுத்த மூச்சுக் கருவி இரவு முழுவதும் குழாய் வழியாகக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். முகமூடியை மாட்டிக்கொண்டு, "அக்கா, தும்பிக்கை வந்துடுச்சு, குட் நைட்" என்பாள்.

இன்று மகன் நிபந்தனை வைத்தான். "சித்தி மெஷின் நடுவுல நின்னா அங்க யார் இருக்கா? நம்ம வாசல்லயே வண்டியில படுங்க. வீட்டுக் கரண்டைத் தொடாம மூணு ராத்திரி ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா நானே கேட்டைத் திறந்து விடறேன். நின்னுச்சுன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

ஒத்துக்கொண்டேன். அவன் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

ஜனவரி 15

பேட்டரிக் கடை. பேட்டரியிலிருந்து வருகிற மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. வீட்டுச் சாமான்களுக்கு வேண்டியது முன்னும் பின்னும் போய்வருகிற மின்சாரம். அதை இதுவாக மாற்றுவதற்குத்தான் இன்வெர்ட்டர். இவ்வளவு எனக்குத் தெரிந்திருந்தது. மற்றதை இன்று கண்ணால் பார்த்தேன்.

கடைக்காரர் ஒரு சின்னத் திரையில் இரண்டு இன்வெர்ட்டர்களை மாற்றி மாற்றி இணைத்துக் காட்டினார். முதலாவதில் அலை படிக்கட்டு மாதிரி வெடுக் வெடுக்கென்று ஏறி இறங்கியது. இரண்டாவதில்... எப்படிச் சொல்வது? ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு பள்ளம். எங்கும் முனை இல்லை. கான்வென்டில் இயற்பியல் எடுத்த சிஸ்டர், ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுமுனையைத் தான் பிடித்து ஆட்டியபோது தரையில் ஓடிய அதே வளைவு. அன்று மதிப்பெண்ணுக்காக வரைந்தேன். உலகத்தில் உள்ள ஒவ்வொரு சுவருக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பது இன்றைக்குத்தான் மனதில் விழுந்தது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் இருமினார்.

படிக்கட்டு அலையில் மூச்சுக் கருவி மாதிரியான நுட்பமான சாமான்கள் சூடாகும், ரீங்காரம் போடும், ஓடாமலும் போகலாமாம். ஆகவே வளைவுதான். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஜனவரி 16

எவ்வளவு பெரியது வாங்குவது? எல்லாவற்றின் பின்புறத்தையும் திருப்பி வாட் பார்த்துக் கூட்டினேன். கெட்டில், மிக்ஸி, சின்ன ஃப்ரிட்ஜ், விளக்குகள், மின்விசிறி, துணி தேய்க்கிற பெட்டி, குட்டியின் கருவி.

"அக்கா, தேய்ச்சுக்கிட்டே அரைச்சுக்கிட்டே வெந்நீரும் வைக்கப் போறியா? உனக்கு எத்தனை கை?"

"குறைவா வாங்கிட்டு முழிக்கறதைவிடப் பெருசா வாங்கறது மேல்."

மூவாயிரம் வாட். கடைக்காரர், "நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார். கணக்கு ஒரு புள்ளி பிசகவில்லை.

ஜனவரி 24

இன்வெர்ட்டர் பொருத்தியாயிற்று. கையடக்கமாக இருக்கும் என்று நினைத்தேன், கைக்குழந்தை அளவு இருக்கிறது. பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் ஒயர் என் கட்டைவிரல் தடிமன். ஸ்விட்சைத் தட்டினேன். கெட்டில் கொதித்தது.

வெயில்தான் கொதிக்கிறது. எட்டு நிமிடங்களுக்கு முன்பு சூரியனை விட்டுப் புறப்பட்டது, எங்கேயும் நிற்காமல் வந்து, எங்கள் கூரையில் விழுந்து, இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. குட்டியிடம் சொன்னேன். அவள் கெட்டிலைப் பார்த்துக் கும்பிட்டாள். கிண்டலாகத்தான். ஆனால் கும்பிட்ட பிறகு முகம் மாறிவிட்டது.

ஜனவரி 27

முதல் இரவு தாண்டியது.

ஜனவரி 28

இரண்டாவதும். ஆனால் மேகம். பேட்டரி அளவு நான் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருக்கிறது. பகலில் கெட்டிலைத் தொடவே இல்லையே?

ஜனவரி 29

நின்னுடுச்சு.

ஜனவரி 30

நேற்று விடிவதற்குச் சற்று முன்பு. குட்டி முகமூடியைப் பிடுங்கிப்போட்டு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன் — வேற என்ன செய்வேன்? அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "முழிப்பு வந்துடுச்சு, அவ்வளவுதான், ஏன் பேயைப் பார்த்த மாதிரி நிக்கற?" என்றாள்.

மகன் வந்து பார்த்தான். சித்தியின் கருவியை வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்டினான். திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

அங்கே, அந்த நிலத்தில், இது நடந்திருந்தால்?

பேச்சு பேச்சுதான். தோற்றேன். வண்டியை விற்கச் சொல்லிவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

விற்பதற்கு முன் காரணம் தெரிய வேண்டும். தெரியாமல் ஒன்றைக் கைவிடுவது எனக்கு வராது.

வெயில் வந்து பேட்டரி நிறைந்திருந்தது. ஒவ்வொரு சாமானாகப் பிடுங்கினேன். ஃப்ரிட்ஜ், விளக்கு, விசிறி, எல்லாம். இன்வெர்ட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றுக்குமே மின்சாரம் கொடுக்காமல். பேட்டரி மீட்டரைப் பார்த்தால் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது! யார் இழுப்பது? அதன் முதுகில் கை வைத்தேன். கதகதப்பு.

அதுவேதான். சும்மா விழித்திருப்பதற்கே அவ்வளவு தின்கிறது. குட்டியின் கருவிக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கருவி இரவில் மட்டும். இதுவோ இரவும் பகலும். நூறு பேருக்குச் சமைக்கிற அடுப்பை மூட்டி வைத்து அதில் ஒரு டம்ளர் பால் காய்ச்சியிருக்கிறேன். என் கூட்டல் சரி. எதைக் கூட்டக் கூடாது என்பதைத்தான் யோசிக்கவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமூச்சுகூட விடாமல், ஒரு வேலையும் இல்லாமல், அலையை வரைந்துகொண்டே அது நின்றிருந்ததை நினைத்தால் ஒரு மாதிரி மலைப்பாக இருந்தது.

பிப்ரவரி 3

எதையும் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் எனக்கு. இன்று குட்டியின் கருவியோடு வரும் கறுப்புப் பெட்டியை — ஒயரின் நடுவில் செங்கல் துண்டு மாதிரி இருக்குமே, அதை — பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். உள்ளே போவது போய்வரும் மின்சாரம். வெளியே வருவது ஒரே திசை, இருபத்துநான்கு வோல்ட்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

கருவிக்கு வேண்டியதே ஒரே திசை மின்சாரம். பேட்டரியில் இருப்பதும் அதுதான். நடுவில் நான் அதை இன்வெர்ட்டரில் போட்டு அலையாக்க, இந்தப் பெட்டி அலையை மறுபடி நேராக்குகிறது. எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றியிருக்கிறேன். பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை இருபத்துநான்காக உயர்த்தும் சின்ன மாற்றி பொருத்திய ஓர் ஒயர் போதும். மருத்துவச் சாமான் கடைக்குப் போன் செய்தேன். "இருக்கு மேடம், கருவி செய்யறவங்களே குடுக்கறாங்க. யாரும் கேட்கறதில்ல" என்றாள் அந்தப் பெண்.

இவ்வளவு நாள் இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்தேன். குட்டியின் மூச்சு அதன் வழியாகப் போகவே வேண்டாம்.

பிப்ரவரி 5

மகனிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை. கொடுத்த வாக்கு இருக்கிறது. குட்டி இரவுச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"டேய், உங்கம்மா தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டா. நான் ஒத்துக்கல. நின்னது என் மூச்சு. இன்னொரு தடவை பார்க்கலாமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும்."

"சித்தி, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா உங்க வீட்டுச் சோபாவுல உட்கார்ந்தே போயிடுவேனோங்கற பயம் அதைவிட ஜாஸ்தி."

மருமகள்தான் முதலில் சிரித்தாள். மகன் நீண்ட நேரம் மோரைக் கலக்கிக்கொண்டிருந்தான். "அலாரம் ஒண்ணு வைக்கணும். கரண்ட் நின்னா கத்தற மாதிரி. தனி பேட்டரி ஒண்ணும் கூட வேணும்" என்றான்.

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 11

பெரியதைத் திருப்பிக் கொடுத்தேன். பதிலுக்கு அறுநூறு வாட். அதே வளைவு அலை. ஃப்ரிட்ஜ் கிளம்புகிற நொடியில் மூன்று நான்கு மடங்கு இழுக்கும் என்பதால் அதற்குத் தாங்குமா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்தேன். தாங்கியது. இன்வெர்ட்டரை இரவில் அணைத்துவிடலாம். கருவி தனி ஒயரில்.

கெட்டிலும் தேய்க்கிற பெட்டியும் வண்டியில் வரப்போவதில்லை. வெந்நீருக்குக் கேஸ் அடுப்பு இருக்கிறது. தேய்ப்பதற்கு? கசங்கிய உடையில் என்னை யாரும் பார்த்ததில்லை. அவர்கூட.

பார்க்கட்டும்.

பிப்ரவரி 18

மூன்று இரவும் ஓடியது. கடைசி இரண்டு நாள் நல்ல மழை. காலையில் மீட்டரைப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிச்சம். குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். குழாயில் காற்று போய்வரும் ஓசையைக் கேட்டபடி அவள் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். நேற்றைக்கு முந்தாநாள் மேகத்துக்கு நடுவே விழுந்த கொஞ்சம் வெயில் அது. இப்போது என் தங்கையின் நெஞ்சை ஏற்றி இறக்குகிறது. ஜெபம் செய்யத் தோன்றியது, என்ன சொல்வது என்று தெரியவில்லை. எண்ணாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மகனே கேட்டைத் திறந்துவிட்டான். பின்னால் எடுக்கும்போது "லெஃப்ட்ல ஒடிங்கம்மா" என்று கத்தினான். வலதில் ஒடித்தேன். அதுதான் சரி.

பிப்ரவரி 26

கடைசி மின்கம்பத்தைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். ஒயர் அங்கே ஒரு பீங்கான் குமிழில் சுற்றி முடிந்திருந்தது. அதற்கப்புறம் வெறும் வானம். இவ்வளவு வானத்தை யாருக்காக வைத்திருந்தார்கள்?

மார்ச் 8

காலையில் வெளிச்சம் தகட்டைத் தொடும் நேரம் மீட்டர் முன் உட்கார்ந்துவிடுகிறேன். பூஜ்யம். ஒன்று. நான்கு. பதினொன்று. மலையின் விளிம்பில் சூரியன் தெரிவதற்கு முன்பே எண் அசைகிறது. மீட்டருக்கு முதலில் தெரிகிறது, பிறகுதான் பறவைகளுக்கு. குட்டி, "பூஜை முடிஞ்சுதா? காபி வைக்கவா?" என்கிறாள்.

மார்ச் 19

மேகம். ஃப்ரிட்ஜை அணைத்தோம். பாலை அன்றைக்கே குடித்தோம். ஒன்றும் குடி முழுகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகன் நேற்று வந்தான். முதல் வேலையாகச் சித்தியின் ஒயரை நுனியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தான், அலாரத்தை ஒரு முறை கத்தவிட்டான். பிறகு வெளியே பாயை விரித்துப் படுத்தான். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருந்தவன், முகத்தில் வெயில் விழுந்த பிறகும் வாயைத் திறந்தபடி தூங்கினான். நான் எழுப்பவில்லை. குட்டி அவன் முகத்துக்கு நேரே குடையை விரித்து நட்டுவைத்தாள்.

எழுந்ததும் மீட்டர் முன்னால் என் பக்கத்தில் வந்து குந்தினான். எண் ஏறுவதை இருவரும் பார்த்தோம். "சத்தமே இல்லாம வருதேம்மா" என்றான்.

எப்போது வீடு திரும்புவோம் என்று அவன் கேட்பான், என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். கிளம்பும்போது காரில் ஏறிவிட்டு, மறுபடி இறங்கி வந்தான்.

"அடுத்த தடவை வரும்போது என்ன எடுத்துட்டு வரட்டும்?"

குட்டி முந்திக்கொண்டாள். "உன் பொண்டாட்டியை."