சேற்றில் கறுத்த மோதிரம்

அன்புள்ள லுபோஷ்,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், தூக்கம் வரவில்லை. நீயும் அனெஷ்காவும் சுகமா? குழந்தைக்கு இருமல் நின்றதா? சிகிச்சைக்கு இந்த ட்ரெபோன் ஊருக்கு வந்த ஒன்பது நாளில் என் இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது, கவலைப்படாதே.

இன்று ஒரு கூத்து. காலையில் உன் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு யிட்கா தினமும் வந்து அனெஷ்காவைக் குளிப்பாட்டுகிறாள், அவளிடம் குழந்தை அழுவதே இல்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாய். இங்கே வலிக்குத் தரும் சேற்றுக் குளியலுக்கு முன் நகைகளைக் கழற்றிவிட வேண்டும். எனக்குக் கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனமே வரவில்லை. விரலை மடக்கிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டேன்.

எழுந்து கழுவினால், வெள்ளி மோதிரம் அடிபிடித்த சட்டி மாதிரி இருக்கிறது!

"சதுப்பு மண்ணுல வெள்ளி கறுத்துரும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றாள் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹெட்விகா அக்கா. "உம் புருஷனை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்கடி!"

"உங்களுக்கு யிட்காவைத் தெரியாதுக்கா" என்றேன். குளிக்க வந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

பற்பசை போட்டுத் தேய்த்தும் கறை முழுதாகப் போகவில்லை.

சதுப்புக்குள் போகும் பலகைப் பாதையில் நடந்தால் ஈரம் காலில் ஏறுகிறது. கம்பளிக் காலுறை அனுப்பு. கூடவே அனெஷ்கா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று. துவைக்காதே.

சனிக்கிழமை மட்டும் அவளை நீயே குளிப்பாட்டு. அழுதாளா என்று சீக்கிரம் பதில் போடு.

உன்
லுத்மிலா